வேலனுக்கு டயோனிசஸின் பெயர் எதற்கு?

சற்று நீண்ட பதிவு. கருத்தரங்கக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் பெருகிவரும் ஒரு வழக்கத்தை மறுத்து எழுதுகிறேன். மாணவ நண்பர்கள் முழுவதும் வாசித்த பின் மறுமொழி இடுமாறு வேண்டுகிறேன்.

அந்த வழக்கம் இதுதான். கொடுங்கல்லூர்ப் பரணியைப் பற்றியோ, வெளிச்சப்பாட்டைப் பற்றியோ, கருப்பசாமி கோயிலில் அருள் வந்து ஆடுபவரைப் பற்றியோ, சங்க இலக்கிய வெறியாட்டைப் பற்றியோ எழுதத் தொடங்கும் ஆய்வாளர் இரண்டாம் பத்திக்குள் கிரேக்கத்துக்குப் போய்விடுகிறார். திராட்சை மதுவின் கடவுளான டயோனிசஸ் வருகிறார்; அவருக்குப் பின்னால் நீட்சே வருகிறார்; ‘டயோனிசியக் களிவெறி’ என்னும் தொடர் வருகிறது. அத்தொடர் வந்தவுடன், விளக்க வேண்டியதெல்லாம் விளக்கப்பட்டுவிட்டதாக எழுதுபவரும் நம்புகிறார், படிப்பவரும் நம்புகிறார். முருகன் தமிழரின் டயோனிசஸ் ஆகிறான். வேலன் அவனுடைய பூசகன் ஆகிறான். கள்ளுக்குடம் திராட்சை மதுக்கிண்ணம் ஆகிறது.

இதை ஒப்பீடு என்று சொல்ல என்னால் இயலவில்லை. இது பெயர் சூட்டல் மட்டுமே. இந்தப் பெயரைச் சூட்டுவதால் நம் வழிபாட்டின் மையமான ஒன்று கண்ணிலிருந்து மறைகிறது. அது வாக்கு. நம் மரபில் தெய்வம் ஒருவர் மேல் ஏறுவது பேசுவதற்காக. ‘டயோனிசியம்’ என்னும் கருத்தாக்கத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

முதலில் கிரேக்கப் பக்கத்தையே பார்ப்போம். நாம் எடுத்தாளும் ‘டயோனிசியம்’ பண்டைக் கிரேக்கரின் சமயத்திலிருந்து நேராக வந்ததன்று. 1872இல் நீட்சே வெளியிட்ட ‘துன்பியலின் பிறப்பு’ வழியாக வந்த ஜெர்மானியக் கருத்தாக்கம். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள எல்லைகள் கரைந்து, இசையிலும் கூட்டத்திலும் ஒருவன் தன்னை இழப்பது அதன் சாரம். அந்நூலின் தொடக்கத்திலேயே நீட்சே ஒரு கோடும் கிழிக்கிறார். கிரேக்கரின் விழா கலையாக உயர்ந்தது என்றும், ரோம் முதல் பாபிலோன் வரையிலான பிற மக்களின் விழாக்கள் காமமும் கொடூரமுமாகத் தாழ்ந்தன என்றும் பிரிக்கிறார். அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் கொடுங்கல்லூர் நிற்கும் என்று நம் கட்டுரையாளர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் டயோனிசஸைத் திரேசிலிருந்தோ ஆசியாவிலிருந்தோ காலந்தாழ்த்தி வந்து நுழைந்த அயல்தெய்வம் என்றனர். அறிவின் இருப்பிடமான கிரேக்கத்தில் வெறி எப்படிப் பிறந்திருக்கும் என்பது அவர்களின் தவிப்பு. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘லீனியர் பி’ எழுத்துமுறையைப் படித்தறிந்தபின் அந்தக் கருத்து ஆட்டங்கண்டது. பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகைகளில், கி.மு. 13ஆம் நூற்றாண்டிலேயே, டயோனிசஸின் பெயர் இருந்தது. வந்தேறி என்று கருதப்பட்டவர் வீட்டுக்காரராகவே இருந்திருக்கிறார்.

மது, வெறி என்னும் சமன்பாட்டையும் கிரேக்க நூல்கள் முழுதாக ஏற்பதில்லை. கி.மு. 405இல், யூரிப்பிடிஸ் இறந்தபின் மேடையேறிய ‘பாக்கே’ நாடகத்தில், மலைமேல் இருக்கும் பெண்களைக் கண்டு திரும்பும் இடையன், அரசன் நினைப்பதுபோல அவர்கள் குடித்துக் கிடக்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறான். குடிவெறி என்பது தேபஸ் அரசன் பெந்தியூஸின் சந்தேகம். நாம் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை பெந்தியூஸின் கண்ணாலேயே அந்தப் பெண்களைப் பார்க்கின்றன.

இந்தியாவுக்கும் டயோனிசஸுக்குமான உறவு எங்கே தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மெகஸ்தனிஸ் தாம் கேள்விப்பட்ட இந்தியத் தெய்வம் ஒன்றுக்கு டயோனிசஸ் என்று பெயரிட்டார். டயோனிசஸ் வருவதற்கு முன் இந்தியர் நாடோடிகளாகத் திரிந்தனர் என்றும், உழவும் நகரும் மதுவும் அவர் தந்த கொடை என்றும் அவர்வழி வந்த கதையை அர்ரியன் எழுதிவைத்தார். ரோமானியர் தம் கல் ஈமப்பேழைகளில் டயோனிசஸின் இந்திய வெற்றி ஊர்வலத்தைச் செதுக்கினர். அதில் யானைகளும் சிறுத்தைகளும் வருகின்றன, கைதிகளும் வருகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டில் நோன்னஸ் 48 காண்டங்கள் கொண்ட காப்பியத்தில் அந்த இந்தியப் போரை விரித்துப் பாடினார். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் டிஷியனின் புகழ்பெற்ற ஓவியத்தில் அரியாட்னியைக் காணத் தேரிலிருந்து தாவும் பாக்கஸும் இந்தியாவிலிருந்து திரும்புபவர்தான். ஆக, ஐரோப்பியக் கலையில் இந்தியா டயோனிசஸின் சகோதர நிலமாக வரவில்லை. அவர் வென்ற நிலமாக வந்தது. 1979இல் அலென் தானியேலு சிவனையும் டயோனிசஸையும் ஒரே ஆதிச் சமயத்தின் இரு பெயர்களாக்கி எழுதியபோது அந்த வெற்றிக்கதை அன்புக்கதையாக உருமாறியது. பெயரிடும் உரிமை மட்டும் பெயரிட்டவரிடமே இருந்தது.

இதை எழுதும் நான் பெருமாட்டியில் பிறந்து வளர்ந்தவன். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர். பாலக்காட்டுக் கணவாய் என் ஆய்வில் வரைபடம் மட்டுமன்று. முசிறித் துறையிலிருந்து கொங்குக்குச் சென்ற வாணிபத்துக்கு வழிவிட்ட கணவாய் அது. யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தும் பாண்டியனைப் புறநானூறு காட்டுகிறது. பட்டணம் அகழாய்விலும் அரிக்கமேட்டிலும் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. மத்தியதரைக் கடலின் மது மெய்யாகவே இங்கு வந்தது. மதுவை வாங்கிக்கொண்ட நம் முன்னோர் அந்த மதுவின் கடவுளை வாங்கிக்கொண்டதற்கு ஒரு சான்றும் இல்லை. சரக்கு வந்த வழியெல்லாம் சாமியும் வந்ததாகக் கொள்ளும் ஆய்வு, ஆய்வே ஆகாது.

இனி வெறியாட்டுக்கு வருவோம். ‘வெறி’ என்னும் சொல் மணத்தையும் மயக்கத்தையும் ஆட்டையும் வேலனாடலையும் ஒருசேரக் குறிக்கும். தொல்காப்பியம் வெறியாட்டை அகத்திலும் வைக்கிறது, புறத்திலும் வைக்கிறது. ஐங்குறுநூற்றில் கபிலர் அதற்கெனவே வெறிப்பத்து பாடினார். வெறி பாடியதாலேயே பெயர் பெற்ற காமக்கண்ணியார் என்னும் புலவர் நமக்கு உண்டு. அகப்பாடல்களில் இதன் அமைப்பு எல்லோரும் அறிந்ததே. மகள் மெலிகிறாள், தாய் அஞ்சுகிறாள், இது முருகணங்கு எனக் கருதி வேலனை அழைக்கிறாள், களம் இழைத்து, மறியறுத்து, கழங்கு பார்த்து, வேலன் ஆடுகிறான். மெலிவின் காரணத்தைத் தெய்வத்தின் வாயால் அறிவதே இதன் நோக்கம். யாரும் தம்மை இழப்பதற்காக அக்களத்தில் கூடவில்லை. ஒரு கேள்விக்கு விடை தேடிக் கூடியிருக்கிறார்கள்.

அந்த விடை பிழையானது என்பதும் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. காரணம் காதல் என்று தோழிக்குத் தெரியும். குறுந்தொகை 362இல் அவள் வேலனை நேருக்குநேர் நிறுத்தி, நீ தரும் பலியை இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்னும் பொருள்பட வினவுகிறாள். நற்றிணை 34இல் முருகனையே விளித்து, தெய்வமாயினும் நீ அறியாமை உடையாய் என்று இடித்துரைக்கிறாள். காமக்கண்ணியாரின் அகநானூறு 22இல், வெறியயர்ந்த அதே இரவில் காதலன் வந்து சேர, நோய் நீங்கிய தலைவி, தீர்த்த புகழ் வேலனுக்குப் போவதை எண்ணி நகைக்கிறாள். தெய்வம் ஏறிய களத்திலேயே ஐயமும் நகைப்பும் நிற்கின்றன. பெந்தியூஸ் ஐயுற்றதற்காகத் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டான். நம் தோழியை எந்தத் தெய்வமும் தண்டிக்கவில்லை. இந்த வேறுபாட்டை ‘டயோனிசியம்’ என்ற சொல்லால் எப்படிச் சொல்வீர்கள்?

சிலப்பதிகாரம் இதை இன்னும் விரிவாகக் காட்டுகிறது. வேட்டுவ வரியில் தெய்வமுற்ற சாலினி முதலில் பேசுவது எயினரின் பொருளியலை. ஊர் வளம் குன்றியது, மறவர் தொழில் மறந்தனர், கொற்றவைக்குத் தரவேண்டிய கடனைத் தரவில்லை என்று தன் மக்களையே கடிந்துகொள்கிறாள். பிறகு களைத்து ஒதுங்கியிருக்கும் கண்ணகியைப் பார்த்து, அவளைக் கொங்குக்கும் குடமலைக்கும் உரியவளாகப் போற்றுகிறாள். கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லும் வாக்கு அது. கேட்ட கண்ணகியோ நாணி, இந்த மூதாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று கணவனின் பின்னால் மறைகிறாள். வாக்குப் பெற்றவளே வாக்கை நம்பவில்லை. வரந்தரு காதையில் தேவந்திமேல் பாசண்டச் சாத்தன் ஏறிச் செங்குட்டுவனின் முன்னிலையில் பேசும்போது, அவ்வாக்கின்படி சிறுமியர்மேல் நீர் தெளித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் இலக்கியத்தில் தெய்வ வாக்கு கேட்டவுடன் ஏற்கப்படுவதில்லை. அதைக் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், சோதிக்கிறார்கள்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கேதான் ஆய்வுப்பொருள் தொடங்குகிறது. ‘எக்ஸ்டாசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ஒருவர் தமக்கு வெளியே நிற்பதைக் குறிக்கிறது. நம் சொற்களைப் பாருங்கள். தமிழில் ‘அருள் வருகிறது’, ‘சாமி வருகிறது’. யாரும் வெளியே போவதில்லை, ஒருவர் வருகிறார். அருளுக்கு எதிரே மருள் என்ற சொல்லும் நிற்கிறது. ஆடுபவரை மருளாளி என்கிறோம். கோமரம் என்று மலையாளத்திலும் கோமரத்தாடி என்று தென்தமிழ்நாட்டிலும் ஒரே சொல் வழங்குகிறது. வெளிச்சப்பாடு என்னும் பெயருக்குள் வெளிச்சம் இருக்கிறது. மறைந்திருப்பதை வெளிப்படச் செய்பவர் அவர். அவர் சொல்வதைக் கல்பனை என்கிறார்கள்; அதாவது கட்டளை. இச்சொற்களில் வருகையும் வெளிச்சமும் கட்டளையும் இருக்கின்றன, தன்னிழப்பு இல்லை.

அந்தப் பேச்சின் இலக்கணமோ இதைவிட வியப்பானது. அருள் வந்தவரின் ‘நான்’ தெய்வத்தைச் சுட்டும். அவருடைய சொந்த உடல் ‘இந்தக் கட்டை’ என்றும் ‘இந்தப் பிள்ளை’ என்றும் படர்க்கைக்குப் போய்விடும். ‘என்று சாமி சொல்கிறது’ என்னும் மேற்கோள் சொல் வராது. எங்கள் எல்லைக் கிராமங்களில் தமிழ் வீட்டில் பிறந்தவர் அருளில் மலையாளத்துக்கு மாறுவதையும், ஒரே வாக்கியத்தில் இரு மொழியும் நிற்பதையும் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மரியாதைப் பன்மை உதிர்ந்துபோகும். அன்றாடம் தோட்டத்து முதலாளியை ‘நீங்க’ என்று மட்டுமே விளிக்க முடிந்த கூலிக்காரர், சாமி வந்த அந்த நாழிகையில் அவரை ‘நீ’ என்பார். ‘என்னை மறந்துட்டயாடா’ என்று கேட்பார். முதலாளி கைகட்டி ‘தப்புதான் சாமி’ என்பார். மறுநாள் காலையில் பழைய ‘நீங்க’ திரும்பிவிடும். ஒரு சமூகத்தின் அதிகாரம் முன்னிலைச் சுட்டில் எவ்வாறு தங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தரவு எனக்குத் தெரியாது. ‘எல்லைகள் கரைகின்றன’ என்று நீட்சேயின் வழியில் எழுதிவிட்டால் இந்தத் தரவு தொலைந்துபோகும். இங்கே எல்லை கரையவில்லை. ஒரு நாழிகை தலைகீழாக நின்று, மீண்டும் பழைய நிலைக்கே திரும்புகிறது.

விழா எல்லைகளை வரையவும் செய்யும். சித்தூரில் கொங்கன்படை ஆண்டுதோறும் நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதியின் துணையால் ஊர் வென்றதைக் கொண்டாடும் விழா. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் அதில் கூட்டமாக நின்று பார்க்கிறோம். யார் உள்ளூர், யார் அயலார் என்பதை ஆண்டுக்கொருமுறை நினைவூட்டும் விழாவை ‘அனைவரும் ஒன்றாகும் களிப்பு’ என்று எழுதுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

அடுத்து, இந்தக் கட்டுரைகள் பேசாத சட்டம். கி.மு. 186இல் ரோமச் செனட் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களை ஒடுக்கியதைப் பற்றி நம் மாணவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். அனுமதியின்றி ஐவருக்குமேல் கூடலாகாது என்ற ஆணையின் வெண்கலப் பட்டயம் இன்று வியன்னாவில் இருப்பதையும் அறிவார்கள். எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்கிறது. கள் இறக்குவதோ உரிமம் பெற்ற தொழில். சித்தூர் வட்டத்துத் தோப்புகளின் கள் வண்டியேறிப் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் பலித்தடைச் சட்டம் 2003இல் திடீரென முடுக்கிவிடப்பட்டு, எதிர்ப்புக்குப்பின் 2004இல் நீக்கப்பட்டது. கள்ளோ 1987 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆக, ஒரே குலதெய்வம் எல்லைக்கு இந்தப் பக்கம் கள்ளைப் பெறலாம், கிடாயைப் பெறலாகாது. அந்தப் பக்கம் கிடாயைப் பெறலாம், கள்ளைப் பெறலாகாது. அங்கே கள்ளின் இடத்தில் அரசுக் கடையின் பிராந்திக் குப்பி படையலில் நிற்கிறது. இரண்டு அரசுகள் ஒரு தெய்வத்தின் இலையை இரண்டாகக் கிழித்திருக்கின்றன. இது சமய வரலாறு, சட்ட வரலாறு, பொருளியல் வரலாறு எல்லாம் சேர்ந்த ஆய்வுப்பொருள். இதை விட்டுவிட்டுத் திராட்சைக் கொடியை வரைந்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தவிர்க்க விரும்பவில்லை. ‘கள்ளையும் பலியையும் அருளாட்டத்தையும் இப்படித் தூக்கிப்பிடித்தால் சீர்திருத்தத்தை மறுப்பதாகாதா? ஸ்ரீநாராயண குரு கள்ளை நஞ்சென்று ஒதுக்கச் சொன்னாரே, பலி கேட்ட தெய்வங்களை அகற்றினாரே?’ உண்மை. கள் இறக்குவதைக் குலத்தொழிலாகச் சுமந்த சமூகத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல் அது. மேலிருந்து வந்த சட்டத்தோடு அதை ஒன்றாக்குவது அநீதி. பறை அடித்தவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய விழாவை விடுதலையின் வடிவம் என்று பாடவும் நான் தயாரில்லை. ஆனால் இந்த விவாதத்தை நடத்த வேண்டுமானால், யார் ஆடினார், யார் அடித்தார், யார் இறக்கினார், யார் படைத்தார், யார் தடுத்தார் என்று பெயர் சொல்லித்தான் நடத்த முடியும். ‘டயோனிசிய ஆற்றல்’ என்னும் பெயரற்ற பெருவெள்ளத்தில் சீர்திருத்தவாதியும் மூழ்கிப்போகிறார், ஆடியவரும் மூழ்கிப்போகிறார். வெறியாட்டை அடித்தள மக்களின் கலகம் என்று கொண்டாடுபவர்களும், மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களும் ஒரு செயலில் ஒன்றுபடுகிறார்கள்: அருள் வந்தவர் என்ன சொன்னார் என்று இருவருமே எழுதிக்கொள்வதில்லை.

இதைக் கலையில் கண்டவர் பாலக்காட்டு மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம்.டி. வாசுதேவன் நாயர். 1973இல் அவர் இயக்கிய ‘நிர்மால்யம்’ படத்தில் பி.ஜே. ஆண்டனி நடித்த வெளிச்சப்பாட்டுக்குக் கடன் இருக்கிறது, பசி இருக்கிறது, வேலை கிடைக்காத மகன் இருக்கிறான். கடன் கொடுத்தவனைத் தன் மனைவியின் அறையில் கண்டபின் அவர் கடைசியாக ஒருமுறை ஆடுகிறார். நெற்றியை வாளால் பிளந்து, வாயில் வழிந்த குருதியைத் தேவியின் முகத்தில் உமிழ்ந்து விழுகிறார். அதுவும் ஒரு வாக்குத்தான். சொல் தீர்ந்துபோனவரின் வாக்கு. அப்படத்தை ‘டயோனிசிய உச்சம்’ என்று எழுதியவர்களை நான் வாசித்திருக்கிறேன். அவர்கள் கண்ணில் அந்த வீட்டின் காலிப் பானை படவில்லை.

அப்படியானால் ஒப்பீடே கூடாதா? கூடும், வேண்டும். ஆனால் இரு பக்கமும் கேள்வி கேட்கும் உரிமையோடு நடக்கட்டும். வெறியாட்டை டயோனிசஸால் விளக்கியது போதும். ‘பாக்கே’யை வெறியாட்டின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். நம் பாடலில் தாய் தெய்வத்தை அழைப்பது மகளைக் காப்பதற்காக. அந்த நாடகத்தில் தாய் அகாவேயின்மேல் தெய்வமே ஏறுகிறது. அவள் தன் மகன் பெந்தியூஸைச் சிங்கம் என எண்ணிக் கிழித்து, தலையை ஏந்தி வருகிறாள். அவளைத் தெளிவிப்பது எது? மருந்தன்று, மந்திரமன்று. முதிய தந்தை காட்மஸ் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். எந்த வீட்டில் மணமுடித்தாய், யாரைப் பெற்றாய், கையில் இருப்பது யார் தலை என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கேள்வியும் மறுமொழியுமாக அவள் தன்னிடம் மீள்கிறாள். நம் களத்தில் வேலனைத் தோழி கேட்கும் கேள்விகளோடு இதை வைத்துப் பாருங்கள். தெய்வம் ஏறிய ஒருவரிடம் சக மனிதர் பேச்சுக் கொடுக்க முடிந்தால் என்ன ஆகிறது, முடியாவிட்டால் என்ன ஆகிறது என்னும் கேள்வி இரண்டு மரபுக்கும் பொதுவாக எழுகிறது. தோழி இல்லாத வெறியாட்டு தேபஸ் நகரத்தில் எப்படி முடிந்தது என்று கிரேக்கத் துறையினருக்கு நாம் சொல்லிக் கொடுக்க முடியும்.

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் என் கோரிக்கை மூன்று. ஒன்று, ‘டயோனிசிய’ என்ற அடைமொழியை எழுதும் முன், அந்த இடத்தில் ஆடுபவரும் கேட்பவரும் வழங்கும் சொல் எது என்று எழுதுங்கள்: அருளா, மருளா, கோமரமா, உறைதலா? இரண்டு, ஆட்டத்தைப் படம்பிடிக்கும் கருவியால் வாக்கையும் பதிவுசெய்யுங்கள். அவர்கள் இசைவோடு, சொல்லுக்குச் சொல், ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் வேறுபாடு தெரியும்படி எழுத்தாக்குங்கள். மூன்று, படையலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எந்தச் சட்டத்தைத் தாண்டி அங்கே வந்தது என்று கேளுங்கள்.

எங்கள் பெருமாட்டியை வெளியுலகம் அறிந்தது பிளாச்சிமடையின் தண்ணீர்ப் போராட்டத்தால். அங்கும் ஆய்வாளர்கள் வந்தார்கள். உலகமயம் குறித்த கோட்பாடுகளோடு வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது என்று பிளாச்சிமடைப் பெண்கள் சொன்ன எளிய வாக்கியமே எல்லாக் கோட்பாட்டுக்கும் முன்னால் நின்றது. வழிபாட்டு ஆய்விலும் அதுவே முறை. பேசுபவர் பேசட்டும், முதலில் அதைக் கேட்டு எழுதுவோம், பெயர் சூட்டுவது பிறகு ஆகட்டும்.

மறுப்பவர்கள் சான்றுகளோடு மறுக்க வேண்டும். விவாதிக்கக் காத்திருக்கிறேன்.